மாப்பிள்ளையை விசாரிக்க ரொறன்ரோ போனேன்

ஒரு மாப்பிள்ளையை விசாரிப்பதற்கென்றே கண்டம் விட்டுக் கண்டம் போன ஆள் எங்கள் ஊரில் என்னைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். யாழ்ப்பாணத்தில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சொந்தத்தில் ஒரு கலியாணப் பேச்சு எழுந்தால் "றீற்றாவைக் கேளுங்கோ" என்பார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் நான் ஒரு தேத்தண்ணி குடித்தால் போதும், மூன்று தலைமுறைக் கதை வெளியே வந்துவிடும்.

தம்பி அன்ரன் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் எடுத்தான். "அக்கா, மெலனிக்கு ஒரு பொடியன் சரிவந்திருக்கு. சோமாலியாப் பொடியன். இங்க எனக்கு அவையளில ஒருத்தரையும் தெரியாது. நீங்கள் ஒருக்கா வந்து விசாரிச்சுச் சொல்லுங்கோ."

"எனக்கு மட்டும் சோமாலியாவில ஆரைத் தெரியும்?" என்று கேட்டேன். கேட்டேனே தவிர, சூட்கேசை அன்றைக்கே இறக்கித் துடைத்துவிட்டேன்.

நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். அவர்கள் முஸ்லிம்கள். அந்தச் சண்டையை நான் போவதற்கு முன்பே அன்ரனும் மகள் மெலனியும் பிடித்து முடித்து, ஒரு உடன்பாட்டுக்கும் வந்திருந்தார்கள். நான் அதற்குள் தலையிடவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேள்வி: ஆக்கள் ஆர்? எங்கள் பக்கத்தில் இந்த இரண்டு சொல்லுக்குள் குணம், நோய், வேலை, வழக்கு எல்லாம் அடங்கும். சாதியும் அடங்கும். இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

விமான நிலையத்திலிருந்து வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போகும்வரை 401 நெடுஞ்சாலையில் அன்ரன் ஊர்ச் சங்கக் கதை சொல்லிக்கொண்டு வந்தான். எங்கள் ஊராருக்கு ரொறன்ரோவில் ஒரு சங்கம் இருந்தது. இப்போது இரண்டு. கோடைகால ஒன்றுகூடலில் யார் மேடையில் பேசுவது என்று தொடங்கியதாம். ஒரே ஊர், ஒரே கோயில், ஒரே பள்ளிக்கூடம். இன்றைக்கு ஒரு சங்கத்தார் செத்தவீட்டுக்கு மற்றச் சங்கத்தார் பின்கதவால்தான் வருகிறார்களாம்.

"ஏன் பிரிஞ்சனீங்கள் எண்டு இப்ப கேட்டா ஆருக்காவது தெரியுமோ?" என்றேன்.

"அவங்கள்தான் தொடங்கினவங்கள்" என்றான் அன்ரன். அதற்கு மேல் அவனிடம் காரணம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கடையில் வாங்கிய இடியப்பமும் சொதியும் தந்தான். இடியப்பம் ஊரில் நான் அவிப்பதை விட மெல்லிசாக இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் பொடியன் வந்தான். பெயர் லீபான். நல்ல உயரம், மெல்லிய உடம்பு, குனிந்து கதைக்கும் பழக்கம். மெலனி தாதியாக இருக்கும் அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுக்கும் வேலை. இரண்டு பேரும் முப்பது தாண்டியவர்கள். கையில் ஒரு பெட்டி கொண்டுவந்தான். திறந்தால், எங்கள் ஊர் இனிப்பு, மஸ்கற். நெய் வடிய, ஏலக்காய் மணக்க, அதே நிறம். அவர்கள் அதை ஹல்வா என்கிறார்கள். எனக்கு அந்த நிமிடமே அவனைப் பாதி பிடித்துவிட்டது. ஆனால் மஸ்கற்றுக்காக ஒருவரைப் பாஸ் பண்ணிவிட நான் பழக்கப்பட்டவள் அல்ல.

அவனோடு ஆங்கிலத்தில்தான் பேசினேன். அந்தப் பயணத்தில் சோமாலியர் எல்லோரோடும் அப்படித்தான். எனக்கு அந்தப் பேச்செல்லாம் எங்கள் தமிழில்தான் நினைவில் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா என்ன செய்யிறார், தம்பி?"

"நான் பிறக்க முதலே மொகடிசுவில செத்திட்டார் அன்ரி. சண்டை தொடங்கின வருசம். அவற்ற பேர் யூசுஃப். அவற்ற தகப்பன் வர்சமே."

"அதுக்கு முதல்?"

"தெரியாது." சிரித்தான். "மற்றச் சோமாலியப் பிள்ளையள் எல்லாம் தகப்பன், பாட்டன், பூட்டன் எண்டு வாய்ப்பாடு மாதிரிச் சொல்லுவினம். சின்னனில எனக்கு வெட்கமா இருக்கும். அம்மா சொல்லித்தரேல்லை. கனடாவில சொல்ல இந்த ரெண்டு பேரே போதும் எண்டுவா."

என் அனுபவத்தில், பாட்டனோடு கதையை நிறுத்துகிற குடும்பத்தில் பாட்டனுக்கு முன்னால் ஏதோ இருக்கும். கள்ளு, கடன், கொலை, அல்லது எங்கள் ஆட்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிற ஏதோ ஒன்று. தாய் பெயர் ஹோதன் என்று மெலனி சொல்லியிருந்தாள்; அந்தத் தாயே மறைக்கிறாள் என்றால் பெரிய விஷயம். பக்கத்து வீட்டுத் தேத்தண்ணிக்கு நேரம் வந்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

சோமாலியர்கள் நகரத்தின் மேற்குப் பக்கம், உயர்ந்த மாடிக் கட்டடங்கள் உள்ள ஒரு தெருவில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று மெலனி பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அடுத்த நாள் அன்ரன் வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு நான் தனியே புறப்பட்டேன். சுரங்க ரயிலில் நம்பிக்கையோடு ஏறி, நம்பிக்கையோடு பிழையான பக்கம் போனேன். கடைசி நிலையத்தில் எல்லோரும் இறங்கிப் போக, நான் மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மேற்குக்காகக் காத்திருந்தேன். ஒரு பிலிப்பைன்ஸ் பெண்மணி கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மற்றப் பக்கத்து வண்டியில் ஏற்றிவிட்டார். ஊரில் மினிபஸ்காரன் என்றால் ஏறும்போதே "எங்க அம்மா போறீங்கள்" என்று கத்தியிருப்பான். இங்கே யாரும் கத்துவதில்லை. அதனால்தான் ஆட்கள் தொலைகிறார்கள்.

பிறகு ஒரு பஸ். இறங்கிய இடத்தில் ஒரு சின்னக் கடைத்தொகுதி. உள்ளே நீள அங்கிகள், அத்தர், சூட்கேஸ், பயணச்சீட்டு விற்கும் கடைகள். கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே வயதான ஆண்கள் ஒரு மேசையைச் சுற்றி இருந்து, ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டி வெட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மொழி விளங்காவிட்டாலும் அரசியல் என்று விளங்கியது. எங்கள் சந்தைக் கோடியில் பின்னேரங்களில் கேட்கிற அதே தொனி.

ஆட்டிறைச்சியும் சோறும் கேட்டேன். சோற்றின் மேல் ஒரு முழு வாழைப்பழம் வைத்துத் தந்தார்கள். சாப்பிட்டு முடிக்கத்தானே பழம் என்று நான் அதை ஓரத்தில் தள்ளிவிட, அந்த மேசையிலிருந்த ஒரு தாடிக்காரர் சிரித்தார். "சோத்தோட பிசைஞ்சு சாப்பிடுங்கோ, அம்மா." அவர் பெயர் அப்டி. நான் சாப்பிட்டுப் பார்த்தேன். இறைச்சி உறைப்புக்கு வாழைப்பழம் நன்றாகத்தான் போகிறது. பால் தேத்தண்ணியில் ஏலக்காயும் கறுவாவும் போட்டிருந்தார்கள். அப்டி என்னைத் தங்கள் மேசைக்கே கூப்பிட்டார். நான் இலங்கைத் தமிழ் என்றதும், "நீங்களும் எங்களை மாதிரித்தான், சண்டைக்காரர்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தோம்.

பழக்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் கேட்டேன். "லீபான் எண்டு ஒரு பொடியன். யூசுஃபின்ர மகன், வர்சமேயின்ர பேரன். தாய் ஹோதன். அவையள் என்ன ஆக்கள்?"

சிரித்துக்கொண்டிருந்தவர் கோப்பைக்குள் பார்த்தார். மூலையில், அதுவரை ஒரு சொல்லும் பேசாமல் இருந்த ஒல்லியான ஒருவர் என்னை நேராகப் பார்த்தார். பிறகு குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.

"அவர் ஃபாரா" என்றார் அப்டி. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அம்மா, உந்தக் கேள்வியை எங்கட ஆக்களிட்ட உப்பிடிக் கேட்கக்கூடாது. எங்கட நாட்டில ரோட்டை மறிச்சு நிண்டவங்கள் கேட்ட கேள்வி உது. மறுமொழி பிழையெண்டா அந்த இடத்திலயே சுட்டுப்போட்டாங்கள்."

எனக்கு முகம் கொஞ்சம் சுட்டது. ஆனால் வந்தது வந்துவிட்டேன், அறியாமல் போகக்கூடாது என்று, "ஏன் அப்பிடி வந்தது? நீங்கள் எல்லாரும் ஒரே மொழி, ஒரே சமயம்தானே?" என்று கேட்டேன். எங்கள் சண்டைக்குச் சொல்ல மொழியாவது இருந்தது.

அப்டி சொன்னார். முந்தியும் சண்டை இருந்தது, ஒட்டகத்துக்கு, கிணற்றுக்கு, புல்லுக்கு. ஒருவன் செத்தால் இரண்டு குலத்துப் பெரியவர்களும் மரத்தடியில் இருந்து பேசி, குலம் முழுவதும் சேர்ந்து நட்டஈடு கொடுத்து முடித்துவிடுவார்கள். வறண்ட நாட்டில் ஒருவனுக்குக் காவலும் காப்புறுதியும் அவன் குலம்தான். வெள்ளைக்காரர் வந்து ஒரு சனத்தை ஐந்து துண்டாக வெட்டினார்கள். இரண்டு துண்டு சேர்ந்து ஒரு நாடு ஆனது. அதில் ஒரு படைத்தளபதி ஆட்சியைப் பிடித்தார். குலம் என்ற பேச்சே கூடாது என்று சட்டம் போட்டு, குலவெறிக்குக் கொடும்பாவி கட்டி ஊர் ஊராக எரித்தார்கள்.

"நல்ல காரியம்தானே" என்றேன்.

"வெளியில எரிச்சார், உள்ளுக்க வளர்த்தார்" என்றார் அப்டி. "பதவி எல்லாம் தகப்பன் வழிக்கு, தாய் வழிக்கு, மருமகன் வழிக்கு. பக்கத்து நாட்டோட சண்டைக்குப் போய்த் தோத்தார். தோத்த பிறகு எதிர்த்தவையை ஆள் ஆளாய்த் தண்டிக்கேல்லை, குலம் குலமாய்த் தண்டிச்சார். தண்ணித் தொட்டியளை உடைச்சார். வடக்கில ஒரு பட்டினத்தை, அந்தப் பட்டினத்து விமான நிலையத்தில இருந்தே பிளேன் ஏத்திக் குண்டு போட்டார். ஒரு குலத்துக்குத் துவக்கைக் குடுத்து மற்றக் குலத்தைப் பார் எண்டார். அவர் ஓடின அண்டைக்கு அரசாங்கமும் இல்லை, பொலிசும் இல்லை. துவக்கு மட்டும் எல்லா வீட்டிலயும் இருந்தது. நம்பிறதுக்கு மச்சானும் சித்தப்பன் மகனும்தான் மிச்சம்."

"தளபதியை மட்டும் சொல்லாதை" என்று இன்னொருவர் வெட்டினார். "அவருக்குத் துவக்குக் குடுத்தது ஆர்? முதல் ஒரு வல்லரசு, பிறகு மற்ற வல்லரசு." மூன்றாமவர், எல்லாம் ஆற்றங்கரை நல்ல நிலத்துக்காக வந்தது என்றார். பெரிய ஆட்கள் தங்கள் பெயரில் எழுதிப் பிடித்தார்களாம், பிறகு ஆயுதக்காரர் பிடித்தார்களாம், அங்கே தோட்டம் செய்த ஏழைச் சனம் எந்தக் கணக்கிலும் இல்லையாம். அதற்கு அப்டி, "நீ அப்பிடித்தான் சொல்லுவாய்" என்றார். ஒருவர் மேசையில் அடித்தார். அதற்குள் நான் அவரவர் சொன்ன காரணத்தை வைத்தே யார் எந்தப் பக்கம் என்று ஓரளவு பிடித்துவிட்டேன், தொழில் அப்படி. அன்ரனின் இரண்டு சங்கத்தார் கையிலும் ஒரு துவக்கு இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். யோசிக்கத் தேவையில்லை. எங்கள் பொடியன்கள் இயக்கம் இயக்கமாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் ரயர் போட்டு எரித்ததை நான் கண்ணால் கண்டவள்.

குலங்களின் பெயர்கள் பிறகு எனக்குத் தெரியவந்தன. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

அடுத்த நாள் பின்னேரம் மெலனி வேலையால் வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்தாள். "மாமி, சீரியஸ்லி, நீங்கள் எங்க போனனீங்கள்? ஆரிட்ட என்ன கேட்டனீங்கள்?"

விஷயம் இதுதான். ஃபாரா என்ற அந்த மனிதர் லீபானுடைய தகப்பனின் சித்தப்பன் மகன். இத்தனை வருடமும் யூசுஃபுக்கு ஒரு பிள்ளை இருப்பதே அவருக்குத் தெரியாது. என் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆளைப் பிடித்து, லீபானுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். "உன்ர தகப்பனைச் சுட்டது உன்ர தாயின்ர ஆக்கள். மறிப்பில அவரைக் காட்டிக் குடுத்தது உன்ர தாய்" என்று சொல்லியிருக்கிறார்.

"அவன் அம்மாவிட்ட போகேல்லை. ஃப்ரெண்ட் வீட்டில நிக்கிறான். ஃபோன் எடுக்கிறான் இல்லை. வெடிங் வேண்டாம், ஒண்டும் வேண்டாம் எண்டுறான்." மெலனி என்னைப் பார்த்து அழுதாள். "அவன்ர அம்மாவுக்கு அவனை விட்டா ஒருத்தரும் இல்லை, மாமி."

அன்ரன் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். நான் மூலையில் இருந்து அழுகிற ஆள் இல்லை. விசாரிப்பைத் தொடங்கியவள் நான். அதை அரைவாசியில் விட்டுவிட்டு விமானம் ஏற முடியாது.

காலையில் அன்ரனைக் கூட்டிக்கொண்டு ஹோதன் வீட்டுக்குப் போனேன். அதே மாடிக் கட்டடங்களில் ஒன்றில் நடுத்தட்டு. ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கற்றும் எடுத்துப்போனேன். அன்ரன் காரிலேயே இருந்துவிட்டான். கதவைத் திறந்த பெண்மணி என்னைவிடச் சில வயது இளையவர். கண் வீங்கியிருந்தது. நான் யார் என்று சொன்னேன். என்ன செய்தேன் என்றும் சொன்னேன். கதவைச் சாத்தினால் அது நியாயம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். ஹோதன் என்னை உள்ளே விட்டார். வீடு முழுக்கச் சாம்பிராணி மணந்தது, எங்கள் கோயில் பூசை மணம். முதலில் தேத்தண்ணி, ஒரு பக்கம் மட்டும் சுட்ட அப்பம், அதன் மேல் நெய்யும் சீனியும். நான் சாப்பிடும்வரை அவர் கதைக்கவில்லை.

"நான் ஒரு ஆக்கள், அவர் வேற ஆக்கள்" என்று தொடங்கினார். "எங்கட நாட்டில அது குறை இல்லை. குலத்துக்கு வெளியில கட்டினா ரெண்டு பக்கமும் சண்டை வராது எண்டு பெரியாக்கள் நினைச்சவை. ஆனா கட்டின பிறகும் பொம்பிளை தகப்பன்ர ஆள்தான். பிள்ளையள் புருசன்ர ஆக்கள். என்ர வயித்தில பிறந்தவன் என்ர குலம் இல்லை."

மொகடிசுவில் ஹோதனின் ஆட்களின் கை ஓங்கியிருந்தது. யூசுஃபின் ஆட்களை வீடு வீடாகத் தேடினார்கள். நகரத்தை விட்டு வெளியேற வேண்டும். சந்திக்குச் சந்தி மறிப்பு. மறித்தவர்கள் தகப்பன் பெயரில் தொடங்கி மேலே மேலே முன்னோர் பெயரைச் சொல்லச் சொல்வார்கள். அந்த வரிசை எந்தக் குலத்தில் போய் முடிகிறதோ அதைப் பொறுத்து உயிர்.

"குசினிக்குள்ள வைச்சு என்ர தகப்பன் வழியை அவருக்குச் சொல்லிக் குடுத்தன். வெளியில ஷெல் விழுகுது. எனக்கு வயிறு தள்ளியிருக்கு. பிழை விட்டா முதல்ல இருந்து சொல்லுங்கோ எண்டுவன். நல்ல கெட்டிக்காரர், பாடமாக்கிப்போட்டார். மறிப்பில ஒரு பேர் பிசகேல்லை. எனக்கு அந்த இடத்திலயும் பெருமையா இருந்தது."

என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினார்.

"பிறகு ஒருத்தன் கேட்டான், உன்ர பாட்டன் எந்தக் கிணத்தில ஒட்டகத்துக்குத் தண்ணி காட்டினவன் எண்டு. அதை நான் சொல்லிக் குடுக்கேல்லை. எனக்கே தெரியாது, நான் பட்டினத்தில பிறந்தவள். அவர் பேசாமல் நிண்டார். அவர் எங்கட ஆள்தான் எண்டு நான் கத்தினன், காலில விழுந்தன். அவரைச் சுட்டுப்போட்டாங்கள். என்னை அக்கா எண்டு கூப்பிட்டாங்கள். நீங்கள் எங்கட ஆள், பயப்பிடாமப் போங்கோ எண்டு குடிக்கத் தண்ணி தந்தாங்கள். சரியான வெயில். நான் குடிச்சன். அந்தத் தண்ணியை நான் வாங்கிக் குடிச்சன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் நான் கொழும்பில் ஒரு தபால் கந்தோரில் வேலை பார்த்தேன். தமிழரைத் தேடிப் பஸ்ஸை மறித்து ஏறியவர்கள் என் கையில் ஒரு சிங்களப் பத்திரிகையைத் தந்து வாசிக்கச் சொன்னார்கள். வேலைக்காகப் படித்த சிங்களம், தடக்காமல் வாசித்தேன். எனக்குப் பின்னால் இருந்தவரால் வாசிக்க முடியவில்லை. இதை ஹோதனிடம் சொன்னேன்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றார் அவர். "தெரிஞ்சுகொண்டும் ஏன் கேட்டனீங்கள்?"

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு யாரும் செத்ததில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அதுவும் உண்மையில்லை என்று நினைவு வந்தது, நிறுத்திக்கொண்டேன்.

"மகனுக்கு ஒரு பேரும் சொல்லிக் குடுக்கேல்லை" என்றார் ஹோதன். "ஒண்டும் தெரியாதவனிட்ட ஆர் மறிச்சுக் கேட்டாலும் சொல்ல ஒண்டும் இராது எண்டு நினைச்சன். இப்ப அவன் என்னை ஒரு கேள்வி கேட்காமலே போட்டான்."

அடுத்த நாள் மெலனி வேலைக்கு விடுப்பு எடுத்து, லீபானைப் பிடித்துக் காரில் ஏற்றிவிட்டாள். தாயிடம் வரமாட்டேன், ஃபாராவிடம் என்றால் வருகிறேன் என்றானாம். போகும் வழியில் ஹோதன் எனக்குச் சொன்ன குசினிக் கதையை ஒன்றும் விடாமல் அவனுக்குச் சொன்னேன். எனக்கும் முதலில் ஃபாராதான் தேவை. சாப்பாட்டுக் கடையில் அவர் அதே மூலையில் இருந்தார். லீபானைக் கண்டதும் எழுந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு வேலையைக் கஷ்டமாக்கியது.

"ஃபாரா ஐயா, ஹோதன் காட்டிக் குடுத்தவ எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"என்ர மச்சான்."

"அவர் அந்த இடத்தில நிண்டவரோ?"

"இல்லை. கென்யா முகாமில ஒருத்தர் அவருக்குச் சொன்னவர்."

"அந்த ஒருத்தர் நிண்டவரோ?"

"அதில எங்கட ஆள் ஒருத்தர் நிண்டிருந்தா உயிரோட வந்து சொல்லியிருக்கேலாது, அம்மா."

"அப்ப கண்டது ஆர்?"

ஃபாரா கையை விரித்தார். "யூசுஃப் வரேல்லை. அவ வந்திட்டா. அவ அவங்கட ஆள். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அன்றைக்கு அந்த மேசையில் நான் கேட்ட காரணங்கள் எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். தளபதி, துவக்கு, நிலம், வெள்ளைக்காரர். ஆனால் அவ்வளவும் முடிந்து முப்பது வருடத்துக்கு மேல் போன பிறகும், ஒரு நல்ல மனிதர் ஒரு பெண்ணை ஒருநாளும் காணாமல், அவள் யார் மகள் என்பதை மட்டும் வைத்துக் கொலைகாரி என்று நம்பியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அதில் பாதி என் மேலேயே வந்தது.

"அம்மா என்னையும் வயித்தில சுமந்துகொண்டுதான் வந்தவ" என்றான் லீபான். பிறகு மெலனியிடம் கார்த் திறப்பைக் கேட்டான். கதவடியில் நின்று, "வாங்கோ" என்று ஃபாராவையும் கூப்பிட்டான்.

எல்லோரும் லிஃப்டில் ஹோதன் வீட்டுக்குப் போனோம். ஹோதன் கதவைத் திறந்தார். மகனைக் கண்டார், அவனுக்குப் பின்னால் நின்ற ஃபாராவையும் கண்டார். அந்த முகத்தில் யூசுஃபின் சாயல் இருந்திருக்க வேண்டும், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லோரையும் உள்ளே விட்டுத் தேத்தண்ணி வைத்தார். ஃபாரா கோப்பையைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

லீபான் தாய்க்கு முன்னால் நிலத்தில் இருந்தான். "அப்பாவின்ர ஆக்களின்ர பேரைச் சொல்லுங்கோ, அம்மா. உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்" என்றார் ஹோதன். "நான் அவருக்குச் சொல்லிக் குடுக்கேக்க, அவர் எனக்குத் தன்ரையைச் சொல்லித் தந்தவர். பிள்ளைக்கு வேணும் எண்டவர்."

யூசுஃப், வர்சமே, கூலேட், ஹிர்சி, சமதர் என்று ஹோதன் சொல்லத் தொடங்கினார். ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத பெயர்கள், ஆனால் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மேலே போகப் போக ஃபாராவின் உதடும் கூடவே அசைந்தது. கடைசிப் பெயரை இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். அவர்களிடையே ஒரு பெயர் கூடப் பிசகவில்லை. ஃபாரா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். லீபான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான். பிழைவிட்டபோது தாய் முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

சொல்லி முடித்து, லீபான் தாயின் கையைப் பிடித்தான். "இப்ப அப்பா குசினிக்குள்ள பாடமாக்கின பேர்களைச் சொல்லுங்கோ."

ஹோதன் ஃபாராவைப் பார்த்தார். ஃபாரா கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். அது ஹோதனின் தகப்பன் வழி, ஃபாராவின் ஆட்களைக் கொன்ற குலத்தின் பெயர் வரிசை. கதவுவரை போய், பிடியில் கையை வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். நாங்கள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பிறகு அவர் திரும்பி வந்து, லீபானுக்குப் பக்கத்தில், நிலத்தில் இருந்தார்.

"சொல்லு மகள்" என்றார்.

ஹோதன் தன் தகப்பன் பெயரிலிருந்து தொடங்கினார்.